பெட்டியாக வாங்குவதா, நாமே பூட்டுவதா?

ஆடி மாதம் வந்தால் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் கூடிவிடும். மாங்காய் சீசன் முடிந்து, தோப்புக் குத்தகைப் பணம் பெரியவர்கள் கைக்கு வந்திருக்கும். பிளஸ் டூ முடித்த பையன் கல்லூரியில் சேர்ந்திருப்பான். "படிப்புக்கு" ஒரு கணினி வேண்டும் என்பான். படிப்புக்கு எதற்கடா நான்கு விசிறியும் ஏழு வண்ண விளக்கும் என்று எந்தத் தகப்பனாரும் அவனைக் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்கிறார்கள்: "பாப்பா, கடையில் ரெடியாக ஒரு பெட்டி இருக்கிறது. வாங்கிவிடலாமா, இல்லை பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நீ பூட்டித் தருகிறாயா?"

நான் கணினிக் கடை வைத்திருப்பவள் இல்லை. காவேரிப்பட்டணத்தில் வீடு. ஓசூர் சிப்காட்டில், சர்க்யூட் போர்டுகளில் பாகங்கள் பொருத்தும் ஓர் ஆலையில் தரப் பரிசோதனை வேலை. நாள் முழுக்க உருப்பெருக்கிக்கு அடியில் ஈயப் பற்றைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இரவில் ஒரு மணி நேரம் விளையாடுவேன். இதுவரை உறவுக்குள் ஆறு கணினிகளுக்கு முடிவு சொல்லியிருக்கிறேன். மூன்று, கம்பெனிப் பெட்டிகள். இரண்டு, பாகங்களை நான் எழுதிக்கொடுத்துக் கடையில் பூட்டியவை. என் கையால் பூட்டியது ஒன்றே ஒன்று, அது என்னுடையது. தானே பூட்டாதவன் ஏமாளி என்று இணையத்தில் அடித்துச் சொல்கிறவர்கள் பலரும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு சர்வீஸ் சென்டர் ஆட்டோ தூரம். நமக்கு இரண்டு பஸ் மாறும் தூரம். இந்த ஒரு வேறுபாட்டில்தான் என் கணக்கு முழுக்கத் தொடங்குகிறது.

ஆகவே யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி பட்ஜெட்டைப் பற்றியது இல்லை. "ஒரு நாள் பட்டனை அழுத்துகிறீர்கள், பெட்டி உயிர் பெறவில்லை. அன்றைக்கு யாரிடம் போவீர்கள்?" பதிலில் மூன்று வகை உண்டு. "நானே திறந்து பார்ப்பேன்" என்றால் பூட்டலாம். "பக்கத்தில் தெரிந்த கடைக்காரர் இருக்கிறார்" என்றால் கடையில் பூட்டலாம். "தெரியாதே" என்று விழித்தால், வீட்டுக்கே ஆள் வந்து சரிசெய்யும் உத்தரவாதத்தோடு கம்பெனிப் பெட்டி. பையன் விடுதிக்குப் போய்விட்டால் வீட்டில் அதைத் தொடப்போவது யார் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

பாலக்கோடு பக்கத்தில் என் மாமா பட்டுப்பூச்சி வளர்க்கிறார். அவர் மகனுக்குக் கம்பெனிப் பெட்டிதான் வாங்கச் சொன்னேன். அவனே பூட்டியிருந்தால் பத்தாயிரம் மிச்சமாகியிருக்கும் என்று இன்றைக்கும் முணுமுணுக்கிறான். ஆனால் வாங்கிய எட்டாம் மாதம் திரை கறுத்துப்போனபோது அவன் தேர்வுக்காகக் கோவையில் இருந்தான். மாமா ஒரே ஒரு தொலைபேசி அழைப்பு செய்தார். நான்காம் நாள் ஓர் ஆள் வந்து, எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகையான மதர்போர்டை மாற்றிவிட்டுப் போனார். புழுவுக்கு முசுக்கொட்டை இலை போடும் நேரம் அது, மாமாவால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கும் போயிருக்க முடியாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. விளம்பரத்தில் "ஆன்சைட் வாரண்டி" என்று இருக்கும். அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. பணம் கட்டும் முன்பே வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து, உங்கள் பின்கோடைச் சொல்லி, "இந்த ஊருக்கு ஆள் வருவாரா, இல்லை நாங்கள் எடுத்து வர வேண்டுமா" என்று கேளுங்கள். பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொண்டால் இன்னும் நல்லது. கம்பெனிப் பெட்டிகளில் இந்த உத்தரவாதம் பெரும்பாலும் ஓராண்டுதான். கூடுதல் காசு கொடுத்தால் மூன்றாண்டு வரை நீட்டலாம். நம் பக்கத்தில் நீட்டுவது வீண் செலவாகாது என்பது என் கருத்து.

விளக்கு எரியும் பெட்டியும் உள்ளே இருப்பதும்

மூன்று கம்பெனிப் பெட்டிகள் என்றேன். அந்தக் கணக்கில் சேராத ஒன்று இருக்கிறது. 2021-ல் என் தம்பிக்காக அப்பா வாங்கி வந்தது. அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை.

விளையாட்டின் படத்தைத் திரைக்கு வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுக்கு அந்த ஆண்டு பெரும் பஞ்சம். கொரோனாவால் சிப் தட்டுப்பாடு ஒரு பக்கம், கிரிப்டோ நாணயம் தோண்டுகிறவர்கள் மொத்தமாக அள்ளியது மறுபக்கம். கார்டு மட்டும் தனியாக வாங்கப் போனால் அறிவித்த விலைக்கு இரண்டு மடங்கு கேட்டார்கள். அதனால் தயாராக இருந்த பெட்டியை வாங்கியதில் அப்பா மேல் தவறு சொல்ல மாட்டேன். எந்த ஊர், எந்தக் கடை என்பதெல்லாம் இப்போது வேண்டாம். கண்ணாடிக் கதவு, நான்கு வண்ண விசிறிகள், முன்னால் "கேமிங்" என்ற எழுத்து. பில்லில் இருந்தது இவ்வளவுதான்: "ஐ7 பிராசசர், 16 ஜி.பி. ரேம், 4 ஜி.பி. கிராபிக்ஸ்."

ஓசூரிலிருந்து வந்த அன்று இரவு திறந்து பார்த்தேன். ஐ7 உண்மைதான், ஐ7-3770, 2012-ல் வெளிவந்தது. ஏதோ அலுவலகம் கழித்துப்போட்ட சரக்கு. கிராபிக்ஸ் கார்டு ஜி.டி. 730. அதுவும் 2014-ல் வந்தது, வந்த நாளிலேயே விளையாட்டுக்கென்று செய்யப்படாதது. நான்கு ஜி.பி. என்பது பொய்யில்லை, மாட்டு வண்டியில் பெரிய டீசல் டாங்கைக் கட்டிவிட்டு "50 லிட்டர் வண்டி" என்று விற்பது மாதிரி. பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் எஸ்.எம்.பி.எஸ்., வெளிக்கூடான கேபினெட்டோடு இலவசமாக வருமே, அந்த வகை. கையில் தூக்கினால் காலி டப்பா கனம். ஜி.டி.ஏ. 5-ஐத் தம்பி எல்லாவற்றையும் குறைத்து வைத்து, நொடிக்கு இருபது படச் சட்டங்களில் (ஃபிரேம்) ஓட்டினான். அவனுக்கு அதுவே சொர்க்கமாக இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஐப்பசியில் இடி மின்னலோடு மின்சாரம் போய் வந்தபோது எஸ்.எம்.பி.எஸ். வெடித்தது. போகிற போக்கில் மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போயிற்று. "எரிந்துபோனதற்கு வாரண்டி இல்லை" என்றார்கள்.

இதிலிருந்து நான் கற்றதைத்தான் இப்போது எல்லாரிடமும் கேள்விகளாகச் சொல்லி அனுப்புகிறேன். பெட்டியாக வாங்குகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரையும் எழுதிக் கேளுங்கள். "ஐ5" என்பது பெயர் ஆகாது. ஐ5-12400எஃப் என்பது பெயர். ரைசன் 5 என்றால் எந்த ரைசன் 5? 5600-ஆ, 7600-ஆ? விண்டோஸ் 11-க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் முறைப்படி ஏற்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. வாலரண்ட் ஆடப்போகிறவனுக்கு இது இன்னும் முக்கியம்: விண்டோஸ் 11-ல் அந்த விளையாட்டு டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் இல்லாமல் திறக்காது. 2012 ஆண்டுச் சரக்கில் டி.பி.எம். 2.0-வுக்கு எங்கே போவது?

கிராபிக்ஸ் கார்டில் பெயரோடு நினைவக அளவையும் கேளுங்கள், ஏனென்றால் ஒரே பெயரில் இரண்டு சரக்கு உண்டு. ஆர்.டி.எக்ஸ். 3050-ல் 8 ஜி.பி. ஒன்று, 6 ஜி.பி. ஒன்று, குறைவது நினைவகம் மட்டும் அன்று, 6 ஜி.பி. கார்டின் சிப்பே வலுக் குறைந்தது. ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி.யில் 8-உம் 16-உம் இருக்கின்றன. ரேம் 16 ஜி.பி. என்றால் ஒரே பலகையா, எட்டு எட்டாக இரண்டா? இரண்டாக இருந்தால் பிராசசருக்கு இரட்டைப் பாதை கிடைக்கும், விளையாட்டில் நன்றாகவே தெரியும். பெட்டி விற்பவர்கள் ஒற்றைப் பலகை போட்டு மிச்சம் பிடிப்பது வழக்கம்.

கடைசியாக எஸ்.எம்.பி.எஸ். இதன் மாடல் பெயரைக் கேட்டதும் எதிர்முனையில் மௌனம் விழுந்தால் அந்தக் கடையை விட்டுவிடலாம். விளக்கைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிறவர்கள் இதைப் பற்றி "500 வாட்" என்று மட்டும் எழுதுவார்கள்.

பெரிய கம்பெனிகளின் பெட்டியில் இன்னொரு வகைச் சிக்கல். பாகங்கள் தரமாக இருக்கும், ஆனால் சில மாடல்களில் மதர்போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அவர்களுக்கென்றே வார்த்த அளவில் இருக்கும். மூன்றாண்டு கழித்துப் பெரிய கார்டு போட நினைத்தால் இணைப்பே இருக்காது. வெளியில் வாங்கும் எஸ்.எம்.பி.எஸ். உள்ளே உட்காராது. மாடல் பெயரோடு உள்பக்கப் படத்தைத் தேடிப் பாருங்கள். ரேமுக்கு எத்தனை இடம், கோப்புகளைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யைச் செருக இன்னொரு எம்.2 இடம் இருக்கிறதா என்பது படத்திலேயே தெரிந்துவிடும்.

விலை நியாயமா என்று பார்க்க நான் செய்வது இது. பெட்டியில் இருக்கும் பாகங்களை ஒரு தாளில் எழுதி, அதே பாகங்களின் தனி விலையை இரண்டு இணையக் கடைகளில் பார்த்துக் கூட்டுவேன். விண்டோஸ் உரிமம் பெட்டியோடு வருகிறதென்றால் அதன் விலையையும் சேர்ப்பேன். இந்தக் கூட்டுத்தொகைக்கும் பெட்டி விலைக்கும் உள்ள இடைவெளிதான் பூட்டுக்கூலியும் உத்தரவாதமும். எழுபதாயிரம் ரூபாய்ப் பெட்டியில் ஐந்தாறாயிரம் இடைவெளி என்றால் தயங்காமல் வாங்கச் சொல்வேன். பதினைந்தாயிரம் என்றால் அது விளக்குக்கான காசு.

சில காலங்களில் இடைவெளி எதிர்ப்பக்கம் சாயும். 2021-ல் கார்டு அப்படி இருந்தது. 2025 கடைசியிலிருந்து ரேம். செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை வாரிக்கொண்டதில் தனி ரேமின் விலை கிடுகிடுவென ஏறிவிட்டது. கிடங்கில் பழைய விலைக்கு வாங்கிய ரேம் வைத்திருக்கும் கம்பெனியின் பெட்டி அந்த மாதிரி நேரத்தில் தனிப் பாகங்களைவிட மலிவாகவே அமையலாம். ஆகவே போன ஆண்டு யாரோ சொன்ன கணக்கை நம்பாமல், வாங்கும் வாரத்தில் தாளை எடுத்து உட்காருங்கள்.

எஸ்.பி. ரோட்டிலிருந்து வீடு வரை

2023-ல் என் கையில் எழுபத்தைந்தாயிரம் சேர்ந்தது. இந்த முறை பூட்டுவது என்று முடிவு. பாகங்களை இணையத்திலேயே வாங்கலாம். நான் பெங்களூரு போனேன். கிருஷ்ணகிரியிலிருந்து தொண்ணூறு கிலோமீட்டர். சிட்டி மார்க்கெட் பக்கத்தில் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் கணினிப் பாகம் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. நம் பக்கத்துக்காரர்களுக்குக் காதில் கொஞ்சம் கன்னடமும் தெலுங்கும் ஏறியிருக்கும், பேரத்துக்கு அது போதும். தமிழிலேயே பேசும் கடைக்காரர்களும் உண்டு.

போகும் முன் பட்டியல் முடிவாகியிருக்க வேண்டும். கடையில் நின்று யோசித்தால் அவர்கள் கையில் தேங்கியிருக்கும் சரக்குதான் உங்கள் பையில் ஏறும். என் பட்டியல்: ரைசன் 5 5600, பி550 மதர்போர்டு, எட்டு எட்டாகப் பதினாறு ஜி.பி. ரேம், 8 ஜி.பி. ஆர்.எக்ஸ். 6600 கார்டு, 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி., 550 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான சான்று) எஸ்.எம்.பி.எஸ்., வலை முகப்புக் கேபினெட், நொடிக்கு 144 முறை படம் மாற்றும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். மொத்தப் பணத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கார்டுக்குப் போயிற்று, அப்படித்தான் போக வேண்டும். இன்றைக்கு வாங்குகிறவர்கள் இந்தப் பட்டியலை அப்படியே நகலெடுக்காதீர்கள். ரைசன் 5600 பொருந்தும் ஏ.எம்.4 சாக்கெட், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இடம், பழையதாகிவிட்டது. 2022-ல் வந்த ஏ.எம்.5-க்கு 2027 வரையிலும் அதற்குப் பின்னும் புதுப் பிராசசர்கள் வரும் என்று ஏ.எம்.டி. சொல்லியிருக்கிறது. பின்னாளில் பிராசசரை மட்டும் மாற்ற நினைப்பவர் அந்தப் பக்கம் போகலாம்.

கடையில் மூன்று விஷயங்களில் கறாராக இருங்கள். பிராசசர் முத்திரையிட்ட பெட்டியில் வர வேண்டும். "டிரே" என்று வெறும் பிளாஸ்டிக் உறையில் கொடுப்பது சில நூறு மலிவு, ஆனால் பெரும்பாலும் தயாரித்த கம்பெனியின் உத்தரவாதம் இருக்காது, கடைக்காரர் வாய்ச்சொல்தான். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் செட் 1" என்று போட்ட பில்லை வைத்துக்கொண்டு மூன்றாண்டு கழித்துக் கார்டுக்கு மட்டும் உத்தரவாதம் கேட்க முடியாது. பில் இல்லாமல் கொடுத்தால் 18 சதவீத ஜி.எஸ்.டி. மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள், மயங்காதீர்கள். பில் வழவழப்புத் தாளாக இருந்தால் அங்கேயே படம் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த எழுத்து ஒரு கோடையைத் தாண்டாது.

திரும்பும்போது மானிட்டரும் கேபினெட்டும் பஸ்ஸின் பெட்டி அறையில், மதர்போர்டும் கார்டும் என் மடியில். நடத்துநர் இரண்டு பெட்டிக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்துக்கொடுத்துவிட்டு, "என்னம்மா, சீர்வரிசையா?" என்றார்.

மாலை ஆறரைக்கு உட்கார்ந்தேன். தேவைப்பட்ட கருவி ஒரே ஒரு ஸ்டார் திருப்புளி, முனையில் காந்தம் இருந்தால் வசதி. ஆலையில் மணிக்கட்டில் பட்டை கட்டாமல் போர்டைத் தொட விட மாட்டார்கள், நிலைமின் அப்படி. வீட்டில் பட்டை வேண்டாம், ஆனால் பாலியெஸ்டர் உடையும் கம்பளிப் போர்வையும் வேண்டாம். மரப் பலகை மேல் வைத்து, அடிக்கடி உலோகத்தைத் தொட்டுக்கொண்டு வேலை செய்தால் போதும்.

மதர்போர்டை அதன் அட்டைப்பெட்டி மேலேயே வைத்து, பிராசசர், ரேம், எஸ்.எஸ்.டி., கூலர் நான்கையும் கேபினெட்டுக்கு வெளியிலேயே மாட்டிவிடுங்கள். பிராசசரின் ஒரு மூலையில் சின்ன முக்கோணம் இருக்கும், சாக்கெட்டிலும் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் அதுவாகவே உட்காரும்; அழுத்தவே கூடாது. ஏ.எம்.4-ல் ஊசிகள் பிராசசரின் அடியில், ஏ.எம்.5-லும் இன்றைய இன்டெலிலும் ஊசிகள் போர்டில். எங்கே இருந்தாலும் ஒன்று வளைந்தால் கதை முடிந்தது. ரேம் இரண்டு என்றால் நான்கு இடங்களில், பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும். கூலரின் திருகுகளைக் குறுக்குமறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். 5600-உடன் வரும் கூலரில் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஏற்கெனவே தடவியிருக்கும், மேலே இன்னொரு முறை பூச வேண்டாம்.

பிறகு கேபினெட்டுக்குள். பித்தளைத் தாங்கிகள் போர்டின் ஓட்டைகளுக்கு நேராக இருக்கின்றனவா என்று பார்த்து இறக்க வேண்டும். பெரிய 24 முள் இணைப்பை யாரும் மறப்பதில்லை. மேல் மூலையில் பிராசசருக்கென்று இருக்கும் 8 முள் இணைப்பைத்தான் மறப்பார்கள். பவர் பட்டனின் சின்னஞ்சிறு கம்பிகளை எங்கே செருகுவது என்பதற்கு மதர்போர்டின் கையேட்டில் ஒரு பக்கம் இருக்கும். அந்த ஒரு பக்கத்துக்காக நான் கண்ணாடியை மாற்றிக்கொண்டேன்.

இரவு பதினொன்றுக்குப் பட்டனை அழுத்தினேன். விசிறி சுற்றியது, திரை இருட்டு. எழுபதாயிரத்துக்கு மேல் செலவழித்துவிட்டு இருட்டுத் திரையைப் பார்க்கும் அந்த நேரத்தைத் தாங்க முடியுமா என்றுதான் பூட்ட நினைப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும். திருப்புளி பிடிப்பது பெரிய விஷயமில்லை. அம்மா எட்டிப் பார்த்து, "காலையில் பார்த்துக்கொள்ளலாம், படு" என்றார். நான் படுக்கவில்லை. முதலில் கம்பி மானிட்டரிலிருந்து மதர்போர்டுக்குப் போகிறதா, கார்டுக்குப் போகிறதா என்று பார்த்தேன். கார்டுக்குத்தான். 5600-ல் உள் கிராபிக்ஸ் கிடையாது, மதர்போர்டில் செருகினால் ஒன்றும் தெரியாது. அடுத்து ரேம். கழற்றி மறுபடி செருகியபோது ஒன்றில் "டக்" என்ற ஒலி இப்போதுதான் கேட்டது. நாள் முழுக்க மற்றவர்கள் பொருத்தியதில் குறை கண்டுபிடிக்கிறவள், என் ரேமை அரைகுறையாக அழுத்தியிருக்கிறேன். திரையில் வெளிச்சம் வந்தது.

வந்த பிறகும் இரண்டு வேலைகள் மிச்சம், பெட்டியாக வாங்கியவர்களும் இவற்றைச் சரிபார்க்கலாம். மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ என்று இருப்பதைத் திறந்துவிடாவிட்டால் ரேம் தன் வேகத்தில் ஓடாது. பயாஸ் அடிப்படை வேகத்திலேயே ஓட்டிக்கொண்டிருக்கும். விண்டோஸ் திரை அமைப்பில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்காவிட்டால் மானிட்டர் 60-லேயே நிற்கும். உறவுக்காரப் பையன் ஒருவன் ஓராண்டு முழுக்க அப்படியே ஆடியிருந்தான்.

கடையில் பூட்டுவது

திருப்புளிக்கும் அந்த இருட்டுத் திரைக்கும் பயப்படுகிறவர்களுக்கு நடு வழி ஒன்று இருக்கிறது. பாகங்களை நீங்களே தேர்ந்தெடுத்து, ஒரே கடையில் வாங்கி, அங்கேயே பூட்டச் சொல்லுங்கள். மொத்தமாக வாங்கினால் சில கடைகளில் கூலியே கேட்பதில்லை, கேட்டாலும் நான் கொடுத்தது ஆயிரத்தைத் தாண்டியதில்லை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் ஓசூரிலும் கடைகள் உண்டு. பட்டியலில் இருப்பதை வரவழைத்துத் தரச் சம்மதிக்கும் கடையைப் பிடியுங்கள். விலை பெங்களூரைவிட இரண்டு மூவாயிரம் கூடினாலும், பழுதானால் பேருந்து நிலையத்திலிருந்து நடந்து போகலாமே. உங்கள் கண் முன்னால் முத்திரையை உடைத்துப் பூட்ட வேண்டும், காலிப் பெட்டிகள் எல்லாம் உங்கள் கைக்கு வர வேண்டும். தனிப் பாகங்களுக்கு உத்தரவாதக் காலம் கம்பெனிப் பெட்டியைவிட நீளம்: பிராசசர், மதர்போர்டு, கார்டு மூன்றுக்கும் வழக்கமாக மூன்றாண்டு, நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஐந்தாண்டோ அதற்கு மேலோ. ஆனால் வீட்டுக்கு ஆள் வர மாட்டார். பாகம்தான் பயணம் போகும். என் எஸ்.எஸ்.டி. ஒருமுறை செத்தபோது அனுப்பித் திரும்பி வர மூன்று வாரம் ஆயிற்று.

பெட்டியைக் கூரியரில் வரவழைக்கிறவர்கள் பிரிப்பதைத் தொடக்கத்திலிருந்து கைப்பேசியில் படம் எடுங்கள். பட்டனை அழுத்தும் முன் பக்கக் கதவைத் திறந்து, உள்ளே அடைத்திருக்கும் நுரைப்பையை எடுத்துவிட்டு, கார்டு நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொப்பூர் கணவாயை லாரியில் இறங்கி ஏறி வந்த பெட்டியில் கனமான கார்டு அசையாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

நம் ஊர் மின்சாரம்

எந்த வழியில் வாங்கினாலும் இதிலிருந்து தப்ப முடியாது. சாயங்காலம் பம்புசெட்டுகள் ஓடும் நேரத்தில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் 180-க்கு இறங்குவதை நானே மீட்டரில் பார்த்திருக்கிறேன். நல்ல எஸ்.எம்.பி.எஸ். 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் தாங்கும். மேலே ஒட்டிய சீட்டில் அச்சிட்டிருக்கும். மலிவான சரக்கின் சீட்டில் 200 அல்லது 220-இலிருந்துதான் தொடங்கும். தம்பியின் பெட்டியில் இருந்தது அதுதான்.

யு.பி.எஸ். வாங்கும்போது வி.ஏ. எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். 600 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) என்றால் கிடைப்பது பெரும்பாலும் 360 வாட் அளவுதான். விளையாட்டின் நடுவில் கார்டு திடீரென்று இழுக்கும்போது அது "பீப்" என்று கத்திவிட்டுப் படுத்துவிடும். என்னுடையது போன்ற கணினிக்கு 1,000 வி.ஏ.க்குக் குறையாமல் வாங்குங்கள்.

அதைவிட முக்கியம் எர்த். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது, பெட்டி கோளாறு என்று என்னிடம் மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். மூன்று வீட்டிலும் கோளாறு சுவரில் இருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகளிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் கம்பி வழியாக மண்ணுக்குப் போக வேண்டும். கம்பி இல்லையென்றால் கேபினெட் உடம்பிலேயே நிற்கும். டெஸ்டரைக் கேபினெட் திருகில் வையுங்கள். விளக்கு எரிந்தால் கணினிக்காரரை விட்டுவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

மின்கட்டணம் எவ்வளவு ஏறும் என்று தகப்பனார்கள் கேட்பது நியாயமான கேள்வி. என் பெட்டியும் மானிட்டரும் விளையாடும்போது சுமார் 250 வாட் இழுக்கின்றன. நாளுக்கு நான்கு மணி நேரம் ஆடினால் ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு அறுபது. அரசு இலவசமாகத் தரும் யூனிட்டுகளில் அறுபதைப் பையன் ஒருவனே தின்றுவிடுவான் என்று சொல்லி வையுங்கள், நேரக் கட்டுப்பாடு தானாக வந்துவிடும்.

தூசியைப் பற்றி ஒரு வரி: கிரானைட் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு என்றால் முன்பக்க வலையை மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள். உள்ளே ஊதும்போது விசிறியைச் சுற்றவிடாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

தம்பியின் பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடவில்லை. பிராசசரும் ரேமும் பிழைத்திருந்தன. அவற்றுக்குப் பொருந்தும் பழைய மதர்போர்டு ஒன்று, ஒரு சின்ன எஸ்.எஸ்.டி., ஒழுங்கான எஸ்.எம்.பி.எஸ்., இவ்வளவுதான் செலவு. லினக்ஸ் ஏற்றினேன். இப்போது சித்தியின் ஜெராக்ஸ் கடையில் பட்டா நகலும் கல்லூரி விண்ணப்பமும் எடுத்துக்கொடுக்கிறது. வண்ண விசிறிகளைக் கழற்றலாமா என்று கேட்டேன். சித்தி விடவில்லை. தெருவிலிருந்து பார்த்தால் கடை தெரிகிறதாம்.